பழுதாகும் முன் பார்ப்பது

அக்காவிடமிருந்து போன் வந்தபோது நான் திருவொற்றியூரில் பேருந்துக்குக் காத்திருந்தேன். "புது லேப்டாப்பைப் பிரிச்சுப் போட்டு உக்காந்திருக்கா. வந்து உன் மவளை இன்னான்னு கேளு" என்றாள். அக்காவுக்குக் கோபம் வரும்போதெல்லாம் அவள் மகள் என் மகளாகிவிடுவாள்.

நெட்டுக்குப்பத்தில் அக்காவின் வீடு ஓர் அறையும் ஒரு சமையல் தடுப்பும்தான். நான் போனபோது பாயின்மேல் பழைய வேட்டியை விரித்து, லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டு, அதன் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள் பெண். அடிமூடி தனியே சுவரில் சாய்ந்திருந்தது. ஒரு நோட்டுத் தாளில் லேப்டாப்பின் உருவத்தை வரைந்து, எந்த ஸ்க்ரூ எந்த மூலையிலிருந்து வந்ததோ அந்த இடத்திலேயே ஒவ்வொன்றையும் வைத்திருந்தாள். வாங்கிப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. விலை 41,000 ரூபாய். அதில் 30,000 அக்கா மகளிர் குழுவில் எடுத்த கடன். சாமி படத்தின் முன் வைத்துக் கும்பிட்டபோது மூடியில் இட்ட சந்தனப் பொட்டின் தடம் இன்னும் அழியவில்லை.

"இன்னா ரிப்பேர்?" என்று கேட்டேன்.

"ரிப்பேர் ஒண்ணுமில்ல சித்தி. நல்லாத்தான் ஓடுது. உள்ள என்ன கீதுன்னு பாக்கறேன்."

அக்கா அடுப்படியிலிருந்து கத்தினாள்: "நல்லா ஓடறதை எதுக்குடி பிரிக்கணும்?"

இந்தக் கேள்வியைத்தான் சில மாதங்களாக நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். மேலோட்டமாகப் பார்த்தால் இது சிக்கனமான ஒரு குடும்பத்தின் நியாயமான கேள்வி. ஆனால் இதற்குள் ஒரு விதி இருக்கிறது. ஒன்றைத் திறந்து பார்க்க வேண்டுமென்றால் காரணம் வேண்டும். அது கெட்டுப்போயிருப்பது மட்டுமே போதுமான காரணம். இந்த விதி எல்லோருக்கும் ஒன்றுபோல் இருக்கிறதா, இதற்குக் கீழே வளர்ந்தவர்களுக்கு என்ன ஆகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

*

முதலில் என்னைப் பற்றி. தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கியது. எண்ணூர்ப் பகுதியும் அன்று அதே மாவட்டம்தான். நான் அந்த ஆண்டு பிளஸ் டூ. எங்கள் தெருவுக்கு வந்த முதல் கணினி என்னுடையது. அம்மா பழைய புடவையைக் கிழித்து அதற்கு உறை தைத்தார். திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்த கண்ணாடித் தாளை நான் உரிக்கவே இல்லை. எங்கள் வீடுகளில் ஒரு பொருளை மதிப்பது என்றால் அதை மூடி வைப்பது. டிவிக்கு உறை, மிக்ஸிக்கு உறை, சைக்கிள் சீட்டுக்கு உறை. அந்த உறைகளைத் தைத்தவர்கள், துவைத்தவர்கள், மறுபடி மாட்டியவர்கள் எல்லாம் பெண்கள்.

ஐந்து வருடம் அதைக் கண்ணாகப் பார்த்துக்கொண்டேன். கடைசி ஆண்டில் சூடாகிச் சூடாகி அணைந்தது; பிறகு ஒரு நாள் எழவே இல்லை. ரிச்சி தெருவுக்குத் தூக்கிப் போனேன். சர்வீஸ் செய்யும் இளைஞர் இரண்டு நிமிடத்தில் அடிமூடியைக் கழற்றினார். ஃபேனுக்கும் அதன் பக்கத்திலிருந்த தகடுகளுக்கும் இடையே கறுப்பான தூசி, தலையணைப் பஞ்சு மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது. எண்ணூர்க்காரர்களுக்கு அந்தத் தூசியின் நிறம் நன்றாகவே தெரியும். துணி காயப்போடும் கொடியில் படிவதும் அதுதான். "சூடு வெளியே போக வழியில்ல. போர்டு போயிடுச்சு. வருசத்துக்கு ஒரு தடவை தொறந்து பிரஷ்ஷால தட்டியிருந்தா இன்னும் ஓடியிருக்கும்க்கா" என்றார்.

ஐந்து வருடம் என் மடியில் இருந்த பொருளின் உள்ளே நான் முதன்முறை பார்த்தது, அது செத்த பிறகு. என் பத்திரம்தான் அதைக் கொன்றது என்றுகூடச் சொல்லலாம்.

*

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். அக்காவிடம் கேட்டு, அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். நான்கு வருடத்துக்கு முன் அக்காவுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். அறுவைச் சிகிச்சை முடிந்ததும் "பேஷண்ட் கூட வந்தவங்க யாரு?" என்று கூப்பிட்டு, எடுத்ததை ஒரு தட்டில் வைத்து என்னிடமும் மாமாவிடமும் காட்டினார்கள். இது நம்மூர் மருத்துவமனைகளில் வழக்கம்தான். எடுத்தாயிற்று என்பதற்குச் சாட்சி. கைக்கு அடக்கமான ஒரு தசை, மேலே கட்டிகள். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா அப்போது மயக்கத்தில் இருந்தாள். பிற்பாடு "எப்படி இருந்துச்சு?" என்று என்னிடம் கேட்டாள். இரண்டு பிள்ளைகளைச் சுமந்த உறுப்பு எந்த அளவு, எந்த வடிவம் என்பதை அவள் என் வாய் வழியாகத்தான் தெரிந்துகொண்டாள்.

பாஸ்டனில் ஒரு பெண்கள் குழு, தங்கள் உடம்பைப் பற்றித் தாங்களே படித்து, பேசி, 1970இல் ஒரு சிறு நூலாக வெளியிட்டது. பின்னாளில் அது உலகம் முழுக்கப் பரவிய பெரிய புத்தகமாயிற்று. அந்தப் பெண்களின் அடிப்படைக் கோபம் இதுதான்: நம் உடம்பின் உள்விவரம் நமக்குத் தேவைப்படும் முன்பே ஏன் நம்மிடம் இல்லை? நோய் வந்த பிறகு, படுத்த பிறகு, மற்றவர் கையிலிருக்கும் படத்தின் வழியாக ஏன் நாம் நம்மைச் சந்திக்க வேண்டும்?

கெட்டுப்போன பிறகு மட்டுமே திறப்பது என்ற விதியின் விளைவு இது. கெட்டதை மட்டும் பார்க்கிறவளுக்கு நல்லது எப்படி இருக்கும் என்று தெரியாது. நல்லது எப்படி இருக்கும் என்று தெரியாதவளால் எது எப்போது கெடத் தொடங்கியது என்று சொல்ல முடியாது. அவள் எப்போதும் தாமதமாக வருவாள். வந்த பிறகு, தெரிந்தவர் சொல்வதை நம்புவதைத் தவிர வேறு வழி இருக்காது. தெரிந்தவர் நல்லவராக இருந்தால் பிழைத்தோம்.

*

சரி, அக்காவின் கட்சிக்கு வருகிறேன். பெண் படித்தால் பிடிக்காத அம்மா இல்லை அவள். விடியற்காலை காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்து, கூடை சுமந்து விற்று, அந்தக் காசில் மகளைக் கல்லூரிக்கு அனுப்புகிறாள். நான் பெரிய மனுஷியாக "பொண்ணுங்கன்னா தொடக்கூடாதா, பையன் பிரிச்சிருந்தா பெருமையா சொல்லியிருப்பே" என்று ஆரம்பித்தபோது, அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அவ கை நழுவினா முப்பதாயிரம் போச்சு. வாரா வாரம் குழுவுல கட்டப்போறது நானு. நீ எழுதற புத்தகம் கட்டாது."

இதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. ஆணாதிக்கம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடக்கூடிய பேச்சு அல்ல இது. கணக்கு. ஆனால் இதே குப்பத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. கரையில் போட் எஞ்சினைப் பிரித்தால் பையன்கள் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பார்கள், கிரீஸைப் பூசிக்கொள்வார்கள், யாரும் விரட்டுவதில்லை. எங்கள் பெரியம்மா மகன் பதினைந்து வயதில் அப்படி ஓர் எஞ்சினைத் தனியாகப் பிரித்தான். திரும்ப மாட்டும்போது ஒரு சின்ன வளையத்தை மணலில் தொலைத்துவிட்டான். போட் மூன்று நாள் கடலுக்குப் போகவில்லை. மூன்று நாள் தொழில் போனது. அடி விழுந்தது உண்மைதான். ஆனால் இன்று அந்தக் கதையைச் சொல்லும்போது எல்லோரும் சிரிக்கிறார்கள். அவன் இப்போது எஞ்சின் மெக்கானிக். அந்த மூன்று நாள் நட்டத்தை யாரும் நட்டமாக எழுதவில்லை. அது அவன் படிப்புச் செலவாக மாறிவிட்டது.

அக்கா மகள் ஒரு ஸ்க்ரூவைத் தொலைத்திருந்தால் அந்தக் கதை எப்படிச் சொல்லப்பட்டிருக்கும்? "அன்னிக்கே சொன்னேன், கேட்டாளா?" என்று. அதே நட்டம், அதே கை நழுவல். ஒருவனுக்கு அது தொடக்கம். ஒருத்திக்கு அது நிரூபணம்.

ஆராயும் ஆர்வம் என்பதை நாம் மனத்தின் குணமாகப் பேசுகிறோம். சிலருக்கு இயல்பிலேயே இருக்கும், சிலருக்கு இருக்காது என்கிறோம். பெண்களுக்கு எந்திரத்தில் நாட்டம் குறைவு என்றும் சொல்லிவிடுகிறோம். நான் இப்போது அப்படி நினைக்கவில்லை. தவறினால் அந்த நட்டத்தைத் தாங்க யாராவது பின்னால் நிற்கிறார்களா என்பதைப் பொறுத்துத்தான் ஆர்வம் வளர்கிறது. யாரும் நிற்காத இடத்தில் பிள்ளைகள் சீக்கிரமே கையைக் கட்டிக்கொள்ளக் கற்றுக்கொள்கிறார்கள். பிறகு அதற்குப் பொறுப்பு என்று பெயர் வைத்துப் பாராட்டுகிறோம்.

அதனால் அக்காவிடம் சொன்னேன்: "கெட்டுப்போனா நான் கட்டறேன்."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ கட்டுவே. உனக்கு மாசச் சம்பளம். குப்பத்துல மத்த பொண்ணுங்களுக்கு யார் கட்டுவா?"

*

பெண்களின் கை எந்திரத்தின் உள்ளே போகக்கூடாது என்று இந்த உலகம் எப்போதும் சொன்னதில்லை. கைகள் உள்ளேதான் இருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் நோக்கியா தொழிற்சாலை தொடங்கி 2014 நவம்பரில் உற்பத்தி நிற்கும்வரை, அங்கே கைப்பேசிகளைப் பூட்டியவர்களில் பெரும்பான்மையினர் இளம்பெண்கள். அதே வட்டாரத்தில் ஐபோன் பூட்டும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண்கள் 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு நஞ்சாகி, 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட பிறகு, பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். அப்போதுதான் பலருக்கு அந்தப் பளபளப்பான கருவியை யார் செய்கிறார்கள் என்பதே தெரிந்தது. அதுவும் ஏதோ ஒன்று கெட்டுப்போன பிறகுதான்.

இது நம்மூரோடு நிற்கும் கதை அல்ல. நிலவுக்குப் போன அப்பல்லோ விண்கலங்களின் கணினி நினைவகம், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வால்தாம் நகரில் பெண்களின் கையால் நெய்யப்பட்டது. செம்புக் கம்பி ஒரு காந்த வளையத்துக்குள் நுழைந்தால் ஒன்று, வெளியே போனால் பூஜ்யம். அவர்களில் பலர் நெசவாலைகளிலும் கடிகார ஆலையிலும் பழகியவர்கள். ஒரு கம்பி தவறினால் முழு நிரலும் தவறும். பொறியாளர்கள் அதற்குக் 'கிழவி நினைவகம்' என்று கேலிப்பெயர் வைத்தார்கள். நியூ மெக்சிகோவின் ஷிப்ராக்கில் 1965 முதல் 1975 வரை நடந்த ஃபேர்சைல்டு ஆலையில் நவஹோ பழங்குடிப் பெண்கள் நுண்சில்லுகளைச் செய்தார்கள். கம்பளம் நெய்யும் பரம்பரைக் கை, அதனால் சில்லுக்கும் பொருந்துகிறது என்று அந்த நிறுவனம் விளம்பரத் தாளில் சில்லையும் கம்பளத்தையும் அருகருகே அச்சிட்டது.

டயான் எல்சன், ரூத் பியர்சன் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் 1981இல் எழுதிய கட்டுரையில் இதை அவிழ்த்துக் காட்டினார்கள். பெண்களுக்கு நுண்ணிய விரல்கள் இயற்கையாக அமைந்தவை என்பது பொய். சிறு வயதிலிருந்து வீட்டில் தையல், பின்னல் என்று கூலியில்லாமல் பெற்ற பயிற்சி அது. வீட்டுக்குள் நடந்ததால் அது பயிற்சி என்றே எண்ணப்படுவதில்லை. பயிற்சி இல்லாத வேலை என்பதால் கூலியும் குறைவு.

நெட்டுக்குப்பத்தில் இதைப் புரியவைக்க யாரும் கட்டுரை எழுத வேண்டியதில்லை. ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களைப் பாருங்கள். கண்ணால் பார்க்காமலே எது இறால், எது கிளிஞ்சல் என்று விரல் சொல்லும். அனல் மின் நிலையத்தின் சாம்பல் ஆற்றின் அடியில் படியத் தொடங்கியதை முதலில் அறிந்ததும் அந்தக் கைகளும் கால்களும்தான். ஆனால் அதை அறிவு என்று யாரும் பதிவு செய்ததில்லை.

ஆக, சிக்கல் கைகளில் இல்லை. பூட்டும் கைக்கு அனுமதி உண்டு. தன் விருப்பத்தில் கழற்றும் கைக்குத்தான் இல்லை. பூட்டுகிறவள் தன் முன்னால் வரும் ஒரு பகுதியை மட்டும் பார்த்தால் போதும், அடுத்தது அடுத்தவளுக்கு. கழற்றுகிறவளோ முழுவதையும் பார்த்துவிடுவாள். முழுவதையும் பார்த்தவள் ஏன் இப்படி, வேறு மாதிரி ஏன் கூடாது என்று கேட்பாள்.

அப்படிப் பார்த்த பெண்களும் இருந்தார்கள். 1945இல் அமெரிக்காவில் எனியாக் என்ற ஆரம்பகாலக் கணினிக்கு நிரல் எழுத ஆறு பெண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். சுமார் 18,000 வெற்றிடக் குழாய்கள் கொண்ட எந்திரம். கையேடு கிடையாது. ராணுவ ரகசியம் என்பதால் தொடக்கத்தில் எந்திரம் இருந்த அறைக்குள் நுழையவும் அனுமதி இல்லை. வரைபடங்களைக் கையில் கொடுத்து, படித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அவர்கள் உட்கூறு ஒவ்வொன்றையும் தாளிலேயே பிரித்துப் பிரித்துப் படித்தார்கள். பிற்பாடு எந்திரம் தடுமாறும்போது, எந்தக் குழாயில் கோளாறு என்று ஏறக்குறையச் சுட்டிக்காட்டும் அளவுக்கு அதை அறிந்தார்கள். 1946 பிப்ரவரியில் எனியாக்கை உலகுக்குக் காட்டிய விழாவுக்குப் பின் நடந்த விருந்துக்கு அவர்களை அழைக்கவில்லை. விருந்து போகட்டும். கதவு மூடியிருந்த காலத்திலும் அவர்கள் உள்ளே பார்க்க ஒரு வழி கண்டார்கள் என்பதே எனக்கு முக்கியம்.

*

கூடத்துக்குத் திரும்புவோம். என் பங்கையும் சொல்லிவிட வேண்டும். ஒரு ஸ்க்ரூவின் மேல் ஒட்டியிருந்த சிறு ஸ்டிக்கர் குத்தப்பட்டிருந்ததைப் பார்த்ததும் என் வாயிலிருந்து வந்த முதல் சொல், "ஐயோ, இதை ஏன் கிழிச்சே?" பெண் விடுதலை பற்றி மேடையில் பேசுகிறவள் ஒரு பொட்டளவு காகிதத்துக்குப் பயந்தேன்.

"கார்டைப் படிச்சிட்டேன் சித்தி. தொறக்கும்போது நாம எதையாவது உடைச்சா அதுக்கு அவங்க பொறுப்பில்லன்னு போட்டிருக்கு. தொறக்கவே கூடாதுன்னு எங்கயும் போடல." வாரண்டி அட்டையை நானும் படித்திருக்கவில்லை, அக்காவும் படித்திருக்கவில்லை. எழுதப்படாத தடைக்கு இருவரும் பயந்துகொண்டிருந்தோம்.

அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டின் வாரண்டிச் சட்டத்தைச் சுட்டிக்காட்டி, அங்குள்ள வணிக ஆணையம் 2018இல் ஆறு நிறுவனங்களை எச்சரித்தது. ஸ்டிக்கரைக் கிழித்தாலே வாரண்டி போய்விடும் என்று வாங்கியவரை மிரட்டுவது சட்டத்துக்குப் புறம்பாகலாம் என்பது அதன் நிலை. இந்தியாவிலும் நுகர்வோர் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்து, அந்த ஆண்டு டிசம்பரிலேயே ஓர் இணையத் தளத்தையும் தொடங்கியது. நல்ல விஷயங்கள்தான். ஆனால் கவனியுங்கள், இவற்றின் பெயரே பழுதுபார்க்கும் உரிமை. பழுதாகாததைப் பார்க்கும் உரிமைக்கு இன்னும் பெயர்கூட இல்லை.

உள்ளே என்ன இருந்தது என்று கேட்பீர்கள். நான் நினைத்ததைவிடக் குறைவு. பாதி இடத்தைப் பேட்டரி பிடித்துக்கொண்டிருந்தது; முதல் வேலையாக அதன் இணைப்பை எடுத்துவிட்டிருந்தாள். ஒரு விரல் நீளத்துக்கு எஸ்எஸ்டி. படம், பாட்டு, பாடம் எல்லாம் அதில்தான். வைஃபை அட்டையிலிருந்து கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு மெல்லிய ஒயர்கள் திரைக்கு ஏறிப்போயின, அவைதான் ஆண்டெனாவாம். ரேம் சொருகும் இடம் இரண்டு, அதில் ஒன்று காலி. கூடுதல் ரேம் வேண்டுமானால் விலை கூடிய மாடலைத்தான் வாங்க வேண்டும் என்று கடையில் சொல்லியிருந்தார்கள். "அடுத்த வருசம் நாமளே ஒண்ணு வாங்கிச் சொருகிக்கலாம்" என்றாள். நடுவில் தட்டையான ஒரு செம்புக் குழாய். அதற்குள் துளி திரவம் இருக்கும், பிராசசரின் சூட்டில் ஆவியாகி ஃபேன் பக்கம் போய், குளிர்ந்து திரும்பும் என்று விளக்கினாள். "நம்ம கரண்ட் கம்பெனி ஆத்துல சுடுதண்ணி விடுது பாரு, அதே வேலைதான். சூட்டை எங்கயாவது தள்ளியாகணும்."

அந்தக் குழாயையும் கழற்றுவாளோ என்று பயந்தேன். அவள் தொடவில்லை. "இதைத் தூக்கினா அடியில பேஸ்ட் புதுசாப் போடணும். நம்மகிட்ட இல்ல." நானும் அக்காவும் போட நினைத்த எல்லை பயத்தின் எல்லை, எங்கே நிற்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது, அதனால் தொடக்கத்திலேயே நின்றுவிடும். அவளுடையது அறிவின் எல்லை.

காலி இடம் கண்டுபிடித்ததால் அவள் செய்தது சரி என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் மறுபடியும் காரணம் கேட்கும் விதிக்குள்ளேயே போய் விழுவேன். ஒன்றும் கண்டுபிடிக்காமல் அப்படியே மூடியிருந்தாலும் அது சரிதான். நல்ல நிலையில் இருக்கும்போது அது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

*

இதை நான் நெட்டுக்குப்பத்தில் உட்கார்ந்து யோசித்ததற்குக் காரணம் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு, எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எங்கள் கழிமுகத்தை மூடியது. மீனவர்கள் படகில் போய் மக்கால் மொண்டு வாளியில் ஊற்றினார்கள். அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, கடலுக்கடியில் போகும் ஓர் உரத் தொழிற்சாலையின் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பத்திலும் சின்னகுப்பத்திலும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். அக்கா அன்று போனில் கேட்டது எனக்கு மறக்கவில்லை: "நம்ம கடலுக்கு அடியில அப்படி ஒரு குழா போவுதுன்னு உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. அந்தக் குழாய் போட்ட கடலில்தான் வலை வீசுகிறார்கள். அந்தக் காற்றைத்தான் மூச்சு விடுகிறார்கள். உள்ளே என்ன ஓடுகிறது என்பது, அது வெளியே வந்த பிறகு தெரிந்தது. நல்லா ஓடுறதை எதுக்குப் பிரிக்கணும் என்ற அதே பதிலைத்தான் இத்தனை வருடமாகத் தொழிற்சாலைகள் எங்களுக்கும் சொல்லி வந்திருக்கின்றன, வேறு வார்த்தைகளில்.

அக்காவின் கேள்விக்கு, குப்பத்தில் மற்ற பெண்களுக்கு யார் கட்டுவது என்பதற்கு, நான் கண்ட பதில் சின்னது. 2025-26 வரவு செலவுத் திட்டத்தில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது டேப்லெட் தருவதாக அறிவித்து, 2,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அந்தக் கணக்கில் ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு மேசையைச் சேர்க்கலாம். அதன்மேல் பத்து லேப்டாப்கள், பத்து திருப்புளிகள். கெடுத்தால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று எழுதி ஒட்டிய ஒரு பலகை. அதில் பாதியாவது நல்ல நிலையில் இருக்க வேண்டும். பெண்களின் கை நழுவலுக்கு ஊர் சேர்ந்து கட்டும் கட்டணம் அது. போட் எஞ்சினுக்கு எங்கள் குப்பம் கட்டிய மூன்று நாள் தொழிலைப் போல.

அவள் பேட்டரியை இணைத்து, மூடியை அழுத்தினாள். கொக்கிகள் ஒவ்வொன்றாக விழும் சத்தம் கேட்டது. தாளிலிருந்து ஸ்க்ரூக்களை எடுத்து அதனதன் இடத்தில் முறுக்கினாள். நீளமானதைக் குட்டையானதின் குழியில் போட்டால் போர்டைக் குத்திவிடும், அதற்குத்தான் அந்தப் படம். பட்டனை அமுக்கியதும் திரை சில நொடிகள் கறுப்பாகவே இருந்தது. அக்கா அடுப்படியிலிருந்து வந்து நின்றிருந்தாள். எழுத்துகள் வந்தன.

"அந்த ஃபேன் எங்க கீதுன்ன?" என்று கேட்டாள் அக்கா.

"மறுபடி தொறக்கணும்மா."

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. "இப்ப வேணாம். கடன் முடியட்டும், காட்டு" என்றாள்.

கடன் முடிய இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது. ஸ்க்ரூ வைத்த அந்தத் தாளை அவள் நோட்டுக்குள் மடித்து வைத்திருக்கிறாள்.